பொன்னியின் செல்வனும் ஒரு வாசகியின் ஏமாற்றமும்

நேயர்களே, நாவல் நயம் பற்றி இத்தொடரிலே நிறையப் பேசிவிட்டோம். ஒரு நாவல் ஏன் நெஞ்சைத் தொடுகிறது என்பதை விளக்குவது ஆசிரியத் தொழில் செய்பவர்களுக்கு இலகுவான காரியம். வாசித்து முடித்தவர் 'இவ்வளவுதானா?' என்று புத்தகத்தை மூடிவைக்கும்போது அவருக்கு என்ன சொல்வது என்பதுதான் சங்கடம். அதிலும் அந்த நாவல் ஊரெல்லாம் போற்றும் நாவலாக இருந்துவிட்டால், குறை சொல்பவருக்கே இரசனை இல்லை என்று தீர்ப்புக் கூறி அனுப்பிவிடுகிறோம். இன்று அப்படி அனுப்பிவிட முடியாத ஒரு குறையை எடுத்துக்கொள்வோம்.

உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் மாணவி ஒருவர், பாடத்திட்டத்துக்கு வெளியே தாமாகவே தேடிக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாசித்து முடித்தார். முடித்த மறுநாள் வந்து சொன்னது இது: "சேர், ஐஞ்சு பாகமும் முடிச்சிட்டன். ஆனா கடைசியிலை ஒண்டுக்கும் பதில் இல்லை. கரிகாலனைக் கொலை செய்தது ஆர் எண்டே தெளிவாச் சொல்லேல்லை. உதுக்கோ இரண்டு மாசம் நித்திரை முழிச்சனான்?"

இந்தக் கேள்வி புதியதன்று என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 'கல்கி' வார இதழில் 1950 ஒக்டோபர் மாதம் தொடங்கி மூன்றரை ஆண்டுகளாக வெளிவந்த தொடர்கதை 1954 இல் நிறைவெய்தியபோதே வாசகர்கள் பலர் மனம் ஆறாது எழுதினார்கள். கதை திடீரென நின்றுவிட்டது, இன்னாருக்கு என்ன ஆயிற்று, அன்னார் யாரை மணந்தார் என்றெல்லாம் கேட்டார்கள். ஆசிரியர் அவற்றைப் புறக்கணிக்கவில்லை. நாவலின் முடிவில் ஒரு தனி முடிவுரை எழுதி, வாசகர்களின் அதிருப்தியைத் தாமே எடுத்துச் சொல்லி, தம்மால் இயன்றவரை விடையும் கூறினார். தமிழில் ஒரு நாவலாசிரியர் தம் நூலைப் பற்றிய ஏமாற்றத்தை அந்த நூலின் உள்ளேயே அச்சேற்றிவைத்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. இன்றும் ஐந்தாம் பாகத்தின் இறுதியில் அந்த முடிவுரையைக் காணலாம். நம்மில் பலர் 'மலர் உதிர்ந்தது' என்ற கடைசி அத்தியாயத்தோடு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவதால் அதை வாசிப்பதில்லை.

கல்கி அங்கே சொல்லும் காரணத்தின் சாரம் இதுதான். 'பார்த்திபன் கனவு' கனவு நிறைவேறியதும் முடிந்தது. 'சிவகாமியின் சபதம்' சபதம் நிறைவேறியதும் முடிந்தது. இந்தக் கதையின் உச்சமோ அருள்மொழிவர்மன் தனக்குக் கிட்டிய மகுடத்தை இன்னொருவர் தலையிலே சூட்டுவது. அந்தத் தியாகம் நிகழ்ந்ததும் கதை முடிந்துவிட்டது. வரலாறு முடியவில்லை, அது அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்ததும் அதனாலேதான்.

இந்த விடை மாணவியைத் திருப்திப்படுத்தவில்லை. என்னையும் முழுமையாகத் திருப்திப்படுத்துவதில்லை. எனினும் மனக்குறைகளை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தால், சிலவற்றில் கல்கி பக்கமும் சிலவற்றில் வாசகி பக்கமும் நியாயம் இருப்பது புலப்படும்.

முதலில் கொலை. கடம்பூர் மாளிகையில், நந்தினியின் அறையில், விளக்கு அணைகிறது. இருளிலே ஆதித்த கரிகாலன் வீழ்கிறான். ஒளிந்திருந்த வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். காளாமுகக் கோலத்தில் வந்திருந்த பெரிய பழுவேட்டரையர் பின்னர் தாமே காரணம் என்று பழியை ஏற்கிறார். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளான இரவிதாசன் கூட்டத்தார் அருகிலேயே இருக்கிறார்கள். கரிகாலனோ சாவை வலிந்து தேடிச் சென்றவன் போலவே நடந்துகொள்கிறான். கொலைக்கு உரிமை கோருவோர் இத்தனை பேர் இருக்க, கையில் கத்தி யாருடையது என்பது மட்டும் இருளிலேயே இருந்துவிடுகிறது.

துப்பறியும் கதை வாசித்துப் பழகியவர்களுக்கு இது பெரும் குறை. ஆனால் கல்கியின் மேசையிலே இருந்த சான்று எது என்று பார்க்க வேண்டும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரை அது பெயர் கூறிக் குறிக்கிறது. அவர்களுக்கும் அவர்களின் சுற்றத்தாருக்கும் உரிய நிலங்களை அரசு பறிமுதல் செய்து விற்ற செய்தி அதில் இருக்கிறது. இவர்களில் இருவர் பிரமாதிராயன் என்ற உயர் பட்டம் பெற்ற அரசாங்க அதிகாரிகள். ஏன் கொன்றார்கள் என்பதற்குக் கல்வெட்டிலே ஒரு சொல்லும் இல்லை.

அதைவிடப் பெரிய புதிர் ஒன்று உண்டு. கொலைக்குப் பின்னர் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் உத்தம சோழன் ஆட்சி செய்தான். நமக்குக் கிடைத்திருக்கும் தண்டனைச் செய்தியோ 985 இல் இராசராசன் பட்டத்துக்கு வந்த பிறகுள்ளது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இதைக் கொண்டே உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் பின்னர் இராசராசன் ஆட்சியிலே அதிகாரியாகப் பணியாற்றியிருக்கிறான். தன் அண்ணனைக் கொன்றவனின் மகனை ஒருவன் இப்படி அருகில் வைத்திருப்பானா என்பது மறுப்பவர்களின் கேள்வி. கல்வெட்டறிஞர்களே ஒருமித்துத் தீர்ப்பெழுதாத வழக்கு இது.

இந்த நிலையில் நாவலாசிரியர் செய்யக்கூடியவை இரண்டு. ஒருவரைக் குற்றவாளியாக்கித் துணிந்து எழுதிவிடலாம். அல்லது விளக்கை அணைத்துவிடலாம். கல்கி விளக்கை அணைத்தார். கல்வெட்டில் இருந்த இரவிதாசனையும் சோமனையும் வீரபாண்டியன் தலைக்குப் பழிவாங்கும் சதிகாரர்களாகக் கதைக்குள் கொண்டுவந்து, கல்வெட்டுக்கும் மாறுபடாமல், உத்தம சோழன் மீதும் பழி போடாமல் தப்பித்துக்கொண்டார். வாசகி இதைக் கோழைத்தனம் என்கிறார். என் கண்ணுக்கு இந்த நாவலிலே வரலாற்றுக்கு மிகவும் நேர்மையாக எழுதப்பட்ட இடம் அந்த இருட்டறைதான். அதில் நான் கல்கி கட்சி.

இரண்டாவது மனக்குறை சேந்தன் அமுதன். இங்கே நான் வாசகி கட்சி. நான்கு பாகங்களுக்கு மேலாக மதுராந்தகன் என்ற பேராசைக்கார இளவரசனைப் பார்த்துப் பழகுகிறோம். கடைசியில் அவன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன், குழந்தைப் பருவத்தில் மாற்றி வளர்க்கப்பட்டவன் என்கிறார்கள். நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிய சேந்தன் அமுதனே உண்மையான மகன் என்று அவனை அரியணையில் ஏற்றுகிறார்கள். படகோட்டி பூங்குழலி பட்டத்தரசியாகிறாள்.

இந்தத் திருப்பம் எங்கிருந்து வந்தது? வரலாறு கேட்டது ஒன்று, கதை கேட்டது இன்னொன்று. அருள்மொழி ஆட்சியை விரும்பாது, தன் சிறிய தந்தைக்கு ஆசை உள்ளவரை அவனே ஆளட்டும் என்று விட்டுக்கொடுத்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஆகவே உத்தம சோழனுக்கு முடிசூட்டியே தீர வேண்டும். ஆனால் கல்கி படைத்த மதுராந்தகனோ சதிக்கு உடன்பட்டவன். அவனுக்கு மகுடத்தைக் கொடுத்தால் தியாகம் அசட்டுத்தனமாகத் தோன்றும். எனவே ஒரே பெயருக்கு இரண்டு ஆட்களைச் செய்து, கெட்டவனைக் காட்டுக்கு அனுப்பி, நல்லவனை நாட்டுக்கு வைத்துக்கொண்டார். குழந்தை மாற்றம் நாடோடிக் கதைகளில் வரும் பழைய உத்தி. செம்பியன் மாதேவியைப் போன்ற, எத்தனையோ கோயில்களைக் கற்றளியாக்கிய ஒரு வரலாற்றுப் பெண்மணியின் வயிற்றில் அந்த உத்தியைக் கட்டியது எனக்கு உவப்பாக இல்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த மணிரத்தினத்தின் திரைப்படங்கள் இந்த ஆள்மாற்றத்தை விட்டுவிட்டு மதுராந்தகனுக்கே முடிசூட்டின. படத்தைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு. இந்த ஒரு வெட்டு மட்டும் சரியான வெட்டு.

மற்றவை சிறு குறைகள். நந்தினியின் தந்தை யார் என்பதில் கதைக்குள்ளேயே முரணான பேச்சுகள் உள்ளன. குந்தவை - வந்தியத்தேவன் திருமணம் காட்டப்படவில்லை. பொறுமை உள்ளவர்களுக்கு விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' இருக்கிறது. கதையின் தொடர்ச்சியாகவே அவர் அதை எழுதினார்.

இனி, இப்படிப்பட்ட முடிச்சுகள் ஏன் விழுந்தன என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இது புத்தகமாகப் பிறந்த நாவல் அன்று. வாரந்தோறும் பிறந்த தொடர்கதை. ஒவ்வொரு வாரமும் ஓர் அத்தியாயத்தின் நுனியில் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டால்தான் அடுத்த வாரம் வாசகர் கடைக்கு வருவார். மூன்றரை ஆண்டுகளில் எத்தனை கேள்விகள் சேரும் என்று எண்ணிப்பாருங்கள். கேள்வி போடும் வேகத்திலே விடை போட முடியாது. சந்தாதாரர் வீடுகளில் இதழைக் கிழித்து, மணியத்தின் சித்திரங்களோடு சேர்த்துத் தைத்து வைத்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பே இன்பமாக இருந்தது. இன்று ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் வாசிப்பவருக்குக் காத்திருப்பு இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. அதனாலேதான் நம் மாணவியின் ஏமாற்றம் 1954 ஆம் ஆண்டு வாசகரின் ஏமாற்றத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது. தொடர்கதை என்பது ஆசிரியரின் ஆயுளோடும் போட்டியிடுவது. பொன்னியின் செல்வன் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5 ஆந் திகதி கல்கி காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி நிறைவு செய்ய நேர்ந்தது.

இன்னொன்று, இந்த இலக்கிய வகையின் இயல்பு. நாவல் வேறு, ரொமான்ஸ் வேறு என்பதை நமது விமர்சகர்கள் அறுபதுகளிலிருந்தே வற்புறுத்தி வந்தார்கள். பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968 இல் வெளிவந்தபின், கல்கியை வாசிப்பதையே ஒரு குற்றம்போல மறைத்துச் செய்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அவ்வளவு கடுமை தேவையில்லை என்பது என் எண்ணம். ரொமான்ஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வாசித்தால் போதும். அதிலே நல்லவன் நல்லவனாகவே இருப்பான், சந்தித்தவர்கள் மீண்டும் சந்திப்பார்கள், குதிரை களைக்காது, காயம் ஆறிவிடும்.

வால்டர் ஸ்கொட் காட்டிய வழி ஒன்று உண்டு. அரசனைக் கதாநாயகனாக்காமல், இரு தரப்புக்கும் இடையில் போய்வரும் ஒரு சாதாரண இளைஞனை நாயகனாக்குவது அது. வந்தியத்தேவன் அந்த வழியில் வந்தவன். கையிலே இரண்டு ஓலைகள். ஒன்று தஞ்சைக்கு, மற்றது பழையாறைக்கு. அவன் ஓலை கொண்டு போகும் இடமெல்லாம் நாமும் போகிறோம். இவ்வளவு உயிர்த்துடிப்புள்ள இந்த மனிதனுக்கு வரலாற்றில் உள்ள முக்கியமான ஆதாரம், தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டிலே குந்தவையாரின் கணவர் என்று வரும் குறிப்பு. அந்தச் சிறு விதையிலிருந்து வந்தியத்தேவனை வளர்த்தெடுத்ததற்காக மட்டும் கல்கிக்கு எத்தனை ஏமாற்றங்களையும் மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாத ஓரிடம் இருக்கிறது. மாணவி அதைச் சொல்லவில்லை. இந்த நாட்டிலே பிறந்த வாசகர் ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய குறை அது.

இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பெரும்பாலும் இலங்கையில் நிகழ்கிறது. தொண்டைமானாறும் மாதோட்டமும் தம்புள்ளையும் அநுராதபுரமும் பொலநறுவையும் வரும்போது நம்மவர் உச்சி குளிர்ந்துபோகிறார்கள். அருள்மொழி இங்கே போர் நடத்துகிறான்; ஆனால் பொதுமக்களுக்குத் தீங்கில்லை. பாழடைந்த விகாரைகளைச் செப்பனிடுகிறான். அவனுடைய பண்பைக் கண்ட பிக்குகள் இலங்கையின் மணிமகுடத்தையே அவன் முன்னால் வைக்கிறார்கள்; அவன் மறுத்துவிடுகிறான். வாசிக்கும்போது மயிர்க்கூச்செறியும் காட்சிதான்.

வரலாறு வேறு விதமாக இருக்கிறது. சுந்தர சோழன் காலத்து ஈழப் படையெடுப்பிலே கொடும்பாளூர்ச் சிறிய வேளார் உயிரிழந்தார். அது சோழருக்கு வெற்றியாக முடியவில்லை. இளவரசர் அருள்மொழி அக்காலத்தில் இங்கே படை நடத்தினார் என்பதற்குச் சான்று இல்லை. அவர் இராசராசனாக முடிசூடிய பின்னர், ஏறத்தாழ 993 இல், சோழப் படை வந்தது. நூற்றாண்டுகளாகத் தலைநகராக இருந்த அநுராதபுரம் அழிவுற்றது. பொலநறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. 1017 இல் இராசேந்திரன் காலத்துப் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுசென்றது. அந்த மன்னன் ஊர் திரும்பவே இல்லை. விகாரைகளின் தாதுகர்ப்பங்களைச் சோழர் உடைத்துப் பொருள் கவர்ந்தனர் என்று சூளவம்சம் குமுறுகிறது. சூளவம்சத்தை எழுதியவர்கள் பிக்குகள். அவர்களுடைய கோபத்தைக் கழித்தே வாசிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் கழித்தாலும் மீதி இருக்கிறது. ஈழத்துக் கிராமங்கள் சிலவற்றின் விளைவு தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் போனது என்று இராசராசனின் கல்வெட்டே சொல்கிறதே!

மறுபக்கமும் உண்டு. திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்தில் உள்ள பௌத்தப் பள்ளி, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமத்தை வழங்கியதும் அதே இராசராசன். அந்த விகாரை அவர் ஆட்சியில் எழுந்தது. கல்கி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தியே அங்கு ஒரு சூடாமணி விகாரையைக் கட்டி, நோயுற்ற இளவரசரை அதற்குள் படுக்கவைத்துவிடுகிறார் என்பது வேறு விடயம். ஒரே அரசன் ஒரு விகாரைக்கு ஊர் கொடுத்திருக்கிறான்; அவன் படை வேறு விகாரைகளைச் சூறையாடியிருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தாங்கக்கூடிய பாத்திரமாக அருள்மொழி படைக்கப்படவில்லை. அவன் மீது ஒரு கறையும் படக்கூடாது என்று ரொமான்ஸின் விதி தடுக்கிறது. ஆதித்த கரிகாலனுக்கு அந்தத் தடை இல்லை. ஆகையால் கரிகாலன் மனிதனாகத் தெரிகிறான், அருள்மொழி படமாகத் தெரிகிறான். நூலின் பெயரே அருள்மொழியின் பெயராக இருந்தும், நினைவில் நிற்பவர்கள் வந்தியத்தேவனும் நந்தினியும் கரிகாலனுமாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

தமிழகத்து வாசகருக்கு இது இரசனை பற்றிய பிரச்சினை. நமக்கு அதற்கு மேலானது. இங்கே இரு இனத்துப் பிள்ளைகளும் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசர்களை உறவினர் போலப் பேசிக்கொண்டு வளர்கிறார்கள். ஒரு பிள்ளை சோழனை விகாரை திருத்திய புனிதன் என்று நாவலிலே படிக்கிறது. மற்றப் பிள்ளை அதே சோழனை நகரை அழித்த பகைவன் என்று சரித்திர பாடத்திலே படிக்கிறது. இரண்டு பிள்ளைகளும் பொலநறுவைக்குச் சுற்றுலா போய் ஒரே சிவன் கோயிலின் முன்னே நிற்கின்றன. இரண்டும் தமக்குள் பேசிக்கொண்டால் என்ன பேசும்? கல்கி இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்து எழுதியவர். இந்த நாட்டு மக்கள் மீது அவருக்கு அன்பு இருந்தது. அந்த அன்பினாலேயே போரின் கோரத்தைத் துடைத்துவிட்டார். துடைத்த இடம் பளிச்சென்று தெரிகிறது.

மாணவிக்கு நான் சொன்னது, நாவலைத் திரும்ப வாசிக்க வேண்டாம், அடுத்தமுறை பொலநறுவைக்குப் போனால் கருங்கல்லாலான அந்த இரண்டாம் சிவாலயத்துக்கு முன் கொஞ்ச நேரம் நிற்கும்படி. அதன் பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான வானவன் மாதேவியின் பெயரால் எழுந்த கோயில் அது. கல்கி அந்த அரசியைத்தான், எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகின்ற, சோழ சிங்காதனத்தில் அமரமாட்டேன் என்று சபதம் செய்கின்ற கொடும்பாளூர் வானதியாக ஆக்கினார் எனக் கொள்கின்றனர். நாவலில் அவள் ஈழம் வரவில்லை. கல்லில் அவளுடைய பெயர் மட்டும் வந்து, இன்னும் இருக்கிறது.

அடுத்த உரையில் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் எழுதி வெளியிட்ட 'மோகனாங்கி'யை எடுத்துக்கொள்வோம். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கூறப்படும் அதை எழுதியவர் நம் ஊரவர். கதை நடப்பதோ நாயக்கர் காலத்துத் தமிழகத்தில். அதில் வாசகர்கள் ஏமாந்தார்களா என்பதை அப்போது பார்க்கலாம்.